பழைய கடிகாரங்களும் பாடபேதமும்

பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பவர்களைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. அது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பது ஒன்று. பணம் மட்டும் இருந்துவிட்டால் யாரும் சேர்த்துவிடலாம், அதில் அப்படியென்ன சிரமம் என்பது மற்றொன்று. பத்தாண்டுகளுக்கும் மேலாக, கல்லூரிச் சம்பளத்தில் மிஞ்சுவதைக் கொண்டு, ஒருகாலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து இந்நாட்டுக்கு வந்திறங்கிய சாவி கொடுக்கும் கடிகாரங்களில் இருபதை நாங்கள் சேர்த்திருக்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்வதானால், முதல் அபிப்பிராயம் பாதி உண்மை. இரண்டாவது முழுப் பிழை. காசு சேர்ந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. கையில் இருக்கும் பொருள் எது என்று அறிவதே அந்தச் சிக்கல்.

விலையிலிருந்தே தொடங்குவோம், கேட்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த ரோலெக்ஸ் டேடோனா கடிகாரம் 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அது எஃகினால் ஆனது. அதே காலத்து, அதே வகைக் கடிகாரங்கள் வேறு மனிதர்களின் கையில் இருந்தவை அதில் மிகச் சிறு பங்கு விலைக்கே கிடைக்கின்றன. கடிகாரத்தின் பின்புறத்தில் அவருடைய மனைவி ஜோன் உட்வர்ட் பொறித்துத் தந்த, ‘கவனமாக வண்டி ஓட்டு’ என்னும் பொருள்படும் சில சொற்களும், அது யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்பதற்கு இருந்த சாட்சியங்களும்தான் அந்த விலையைத் தந்தன.

இன்னொரு சான்று. பட்டேக் பிலிப் நிறுவனம் 1941இல் வெளியிட்ட 1518 என்னும் மாதிரியில் மொத்தம் 281 கடிகாரங்களே செய்யப்பட்டன. பெரும்பாலானவை தங்கம். எஃகில் செய்தவையாக நான்குதான் இதுவரை அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 2016இல் ஜெனீவாவில் ஒரு கோடியே பத்து லட்சம் சுவிஸ் பிராங்குக்கு விற்றது. செல்வந்தர்கள் அந்நாளில் தங்கத்தையே விரும்பினார்கள். எஃகைக் கேட்டவர்கள் சிலரே. அன்று பலரும் நாடாதது இன்று பொன்னைவிட அரிதாகிவிட்டது. இந்த உலகில் பொருளுக்கு இருக்கும் மதிப்பைவிட அதன் வரலாற்றுக்கு இருக்கும் மதிப்பே மிகுதி என்பதை இவ்விரண்டு செய்திகளும் உணர்த்தும். வரலாறுதான் விலை என்றால், வரலாற்றைத் திரிப்பதுதான் மோசடி. சேகரிப்பவர் படும் பாடெல்லாம் இங்கிருந்தே பிறக்கிறது.

கடிகாரம் என்பது ஓவியத்தைப் போலச் சுவரில் சும்மா தொங்கும் பொருளன்று. அது உழைக்கும் பொருள். பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றின் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை துடிக்கும். அப்படியானால் நாளொன்றுக்கு 4,32,000 துடிப்பு. ஆண்டொன்றுக்கு 15 கோடியே 76 லட்சம். இவ்வளவு ஓடும் எந்திரத்தில் எண்ணெய் வற்றும், அச்சு தேயும், வில்சுருள் அறும், கண்ணாடி கீறும், முள் துருவேறும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் அதைப் பிரித்துக் கழுவி, தேய்ந்ததை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்திருப்பார். அவர் வைத்தது அதே நிறுவனத்தின் உதிரிப் பாகமா, வேறொரு செத்த கடிகாரத்திலிருந்து எடுத்ததா, கையால் கடைந்ததா என்பதை எவரும் குறித்து வைப்பதில்லை. அறுபது ஆண்டு ஓடிய ஒரு கடிகாரம் ஐந்தாறு கைகளுக்குள்ளாவது போய் வந்திருக்கும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமான நிலைமையன்று. ஏட்டுச் சுவடியின் வாழ்வும் இதுதான். ஓலை நைந்தால் ஒருவர் படியெடுப்பார். எழுத்து விளங்காத இடத்தில் தமக்குத் தோன்றியதை எழுதுவார். செல்லரித்த அடிக்குப் பதில் வேறோர் அடி வந்து உட்காரும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன், பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறிக்கும் உழைப்பை மேற்கொள்ள வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுவே. படியெடுத்தவர்கள் அத்தனை பேரும் பொய்யர்கள் அல்லர். பெரும்பாலோர் நூல் அழியாமல் இருக்க வேண்டும் என்று உழைத்தவர்கள். ஆனால் அவர்கள் செய்த மாற்றங்களைக் குறிக்காமல் போனதால், பின்வந்தவர்களுக்கு மூலம் எது, செருகல் எது என்று பிரிப்பதே வாழ்நாள் வேலையாகிவிட்டது.

கடிகார உலகில் இடைச்செருகல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று இருக்கிறது. ஒமேகா நிறுவனம் 1957இல் அறிமுகப்படுத்திய ஸ்பீட்மாஸ்டர் மாதிரியின் முதல் தலைமுறைக் கடிகாரம் ஒன்று 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தது. ஏலத்தார் மதிப்பிட்டது அதிகபட்சமாக 1,20,000 பிராங்க். விற்றதோ 31 லட்சம் பிராங்குக்கு மேல். முகப்பு வெயிலில் பழுத்து அழகிய பழுப்பு நிறம் கொண்டிருந்தது. வாங்கியவர் வேறு யாருமல்லர், தன் அருங்காட்சியகத்துக்காக ஒமேகா நிறுவனமே வாங்கியது. இரண்டாண்டுக்குள், 2023இல், அது பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்றும், தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்குண்டு என்றும் அதே நிறுவனம் அறிவித்தது. செய்தவனே தன் பொருளை அடையாளம் காண முடியாமல் ஏமாந்த கதை இது. ஆவணமும் அருங்காட்சியகமும் நிபுணர்களும் உள்ள இடத்திலேயே இந்த நிலை என்றால், தெருவோரக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று பேரம் பேசுகிற நம்மைப் போன்றவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆவணம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டேக் பிலிப் போன்ற நிறுவனங்கள், எண்களைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அக்கடிகாரம் எந்த ஆண்டு செய்யப்பட்டது, எப்போது விற்கப்பட்டது என்று தம் பழைய பேரேட்டைப் பார்த்துச் சான்று தருவதுண்டு. ரோலெக்ஸ் அத்தகைய சான்றைத் தருவதில்லை. ஆனால் சான்று கிடைத்தாலும் அது பிறப்புச் சான்றிதழே. பிறந்த பிறகு நடந்ததை அது சொல்லாது. அதைக் கடிகாரத்திடமே கேட்டுப் பெற வேண்டும்.

எப்படிக் கேட்பது? முகப்பிலிருந்துதான். நம் நாட்டுச் சந்தைக்கு வரும் பழைய சுவிஸ் கடிகாரங்களில் நிறைய, ஃபேவர் லூபா ஆனாலும் வெஸ்ட் எண்ட் ஆனாலும் ஒமேகா ஆனாலும், முகப்பு மறுபடி எழுதப்பட்டவை. பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசி, அதன்மேல் பெயரையும் கோடுகளையும் அச்சிடுவார்கள். மும்பையில் இத்தொழில் பெருவழக்கு. அந்நிறுவனம் கனவிலும் செய்திராத ஆரஞ்சு, பச்சை முகப்புகளோடு கடிகாரங்கள் அங்கிருந்து உலகெங்கும் போகின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்தின் கால்கள் தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் வட்டத்தோடு சரியாகப் பொருந்தா. ஆறு மணிக்குக் கீழே விளிம்பில் பொடியாக இருக்க வேண்டிய ‘சுவிஸ்’ என்னும் சொல் காணாமல் போயிருக்கும், அல்லது ஓரமாக நகர்ந்திருக்கும். முள்ளில் பூசிய ஒளிப்பூச்சு வெண்மையாகவும் முகப்பில் உள்ளது மஞ்சளாகவும் இருந்தால் இரண்டும் ஒருசேரப் பிறந்தவை அல்ல என்று கொள்ளலாம். ஒரு தமிழாசிரியர் மாணவனின் விடைத்தாளில் இரண்டு கையெழுத்தைக் கண்டுபிடிக்கும் வேலைதான். பழகப் பழக வரும்.

ஒளிப்பூச்சில் வேறொரு ஆபத்தும் உண்டு. 1960கள் வரை இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியத்தை முகப்பில் பூசினார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இப்பூச்சு வேலை செய்த இளம்பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி கற்பிக்கப்பட்டு, தாடை எலும்பு அழுகி மாண்டார்கள். அவர்களுள் ஐந்து பேர் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. ரேடியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். அதோடு கலந்த ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளில் செயலற்றுவிடும்; ஆகவே முகப்பு இருண்டுவிடும், கதிர்வீச்சு மட்டும் ஓயாது. எங்கள் கல்லூரி இயற்பியல் நண்பர் ஒருநாள் கதிர்வீச்சு எண்ணியைக் கொண்டுவந்து எங்கள் அலமாரிக்கு முன் நீட்டினார். ஒளிராத இரண்டு கடிகாரங்களுக்கு அருகில் அக்கருவி படபடவென்று பேச ஆரம்பித்தது. அவற்றை நாங்கள் திறப்பதில்லை. உதிரும் தூளை மூச்சில் இழுப்பதே பெருங்கேடு. குழந்தைகள் புழங்காத, காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே வைத்திருக்கிறோம். மூலம் கெடாமல் இருக்க வேண்டும் என்ற ஆசைக்கும் எல்லை உண்டு என்பதை அந்தக் கருவியின் ஓசைதான் எங்களுக்குக் கற்றுத் தந்தது.

பொருள் கிடைத்து, அது மெய்யென்று தெளிந்தாலும், ஓட வைப்பதற்கு ஆள் வேண்டும். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை தந்த சுவிஸ் கடிகாரத் தொழில், 1980களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. லோக்ல் என்னும் ஊரில், ஜெனித் நிறுவனத்தின் அமெரிக்க உரிமையாளர்கள் எந்திரக் கடிகாரக் கருவிகளை அப்புறப்படுத்தச் சொன்னபோது, ஷார்ல் வெர்மோ என்ற தொழிலாளி அவற்றைப் பரண்மேல் ஒளித்து வைத்தார். எவை எங்கே இருக்கின்றன என்று எழுதியும் வைத்தார். அந்தக் குறிப்பும் கருவிகளும் இருந்ததால்தான் அந்த எந்திரம் பின்னர் மீண்டும் பிறந்தது. 1988இல் ரோலெக்ஸ் டேடோனாவுக்குள்ளும் அதுவே இடம்பெற்றது.

நம் பக்கத்தில் அப்படி எழுதி வைத்தவர் எத்தனை பேர்? பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துத் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூடிவிட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. 1987 முதல் ஓசூரிலிருந்து டைட்டன் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வரத் தொடங்கியதும் சாவி கொடுக்கும் வழக்கமே வீடுகளில் மறைந்தது. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தவர்களில் இன்று எஞ்சியிருப்பவர் ஒருவரே. மற்ற இடங்களில் செல்பேசி பழுது பார்க்கிறார்கள். அவரிடம் தகர டப்பாக்களில் நாற்பதாண்டு உதிரிப் பாகங்கள் இருக்கின்றன. எது எதற்குப் பொருந்தும் என்பது அவருடைய விரல்களுக்கு மட்டுமே தெரியும். அவருக்குப் பின் அந்த டப்பாக்கள் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

இந்த இடத்தில்தான் மேலைநாட்டுச் சேகரிப்பாளர்களோடு எங்களுக்குக் கருத்து வேறுபாடு. அவர்களுடைய சந்தையில் இந்திய மறுமுகப்பு என்றாலே கலப்படம், அருவருப்பு. கீறல் இருந்தால் கீறலோடு, பழுப்பேறியிருந்தால் பழுப்போடு இருப்பதே தூய்மை. பாலீஷ் போட்டு விளிம்பு மழுங்கிய கூடுகூட விலையில் இறங்கிவிடும். அந்த அளவுகோலில் நியாயம் உண்டு; அதை மறுக்கவில்லை. ஆனால் அது கடிகாரத்தைப் பெட்டகத்தில் வைக்கிறவனின் அளவுகோல். ஒரே கடிகாரத்தை முப்பதாண்டு கட்டிக்கொண்டு, வியர்வையிலும் மழையிலும் அலைந்த ஒரு குமாஸ்தா, முகப்பில் எண்கள் தெரியாமல் போனபோது அதை எழுதித் தரச் சொன்னான். எழுதித் தந்தவன் அவனுக்கு மணி தெரியும்படி செய்தான். அதில் பொய் எதுவும் இல்லை. பாடத்தைத் திருத்தியவன் திருடன் ஆக மாட்டான். திருத்தியதை மறைத்து ‘தொட்டதே இல்லை’ என்று விற்பவன்தான் திருடன். சந்தை இருவரையும் ஒரே பெயரால் அழைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை.

இப்படிச் சொல்வதாலேயே, நாங்கள் செய்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் ஃபேவர் லூபா சீ கிங் ஒன்று இருந்தது. சுவிஸ் கடிகாரம் அந்நாளில் ஒரு வாத்தியாருக்குப் பெரிய ஆடம்பரம். திருமணத்துக்கு முன் சீட்டுப் பிடித்து வாங்கியதாகச் சொல்வார். அவர் மறைந்து ஓராண்டு முடியும் திதிக்கு முன், நின்று கிடந்த அதை ஓடவைத்து அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, “எந்திரம் நல்லா இருக்கு சார். டயலை அப்படியே விட்டுடட்டுமா, புதுசா எழுதி வாங்கிடட்டுமா?” என்று கேட்டார். அவர் கேட்டார் என்பது முக்கியம். புதிதாகவே இருக்கட்டும் என்றது நாங்கள்தான். சேகரிக்கும் பழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை. பளிச்சென்று இருந்தால் அம்மா மகிழ்வார் என்று மட்டுமே நினைத்தோம்.

வெள்ளி நிறத்தில் முகப்பு மின்ன, கடிகாரம் வந்தது. அம்மா வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது அப்பாவோடது இல்லையேடா. அதுல பன்னெண்டுக்குக் கிட்ட மஞ்சளா ஒரு கறை இருக்குமே. ஆடிப்பெருக்குக்கு ஆத்துல குளிக்கறப்ப கழட்ட மறந்துட்டு, வீடு வரைக்கும் வஞ்சுக்கிட்டே வந்தாரே.”

அந்தக் கறையை நாங்கள் சிறுவயதிலிருந்து ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம். அதற்கு ஒரு கதை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. மறுநாள் காலையிலேயே கடைக்கு ஓடினோம். பழைய முகப்பைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டோம். அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்து, அதே தகட்டைத்தான் சுரண்டி எழுதியிருக்கிறது என்றார். வேறு தகடு கிடையாது. அந்தக் கறை இருந்த இடத்தில்தான் புதிய பூச்சு இருந்தது.

பிற்பாடு ஏலங்களையும் விலைகளையும் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, அந்த மறுமுகப்பால் கடிகாரத்தின் மதிப்பு பாதிக்கும் கீழே போயிருக்கும் என்று அறிந்தோம். அது எங்களைச் சற்றும் வருத்தவில்லை. அதை விற்கப் போவதில்லை. அம்மா அந்தக் கடிகாரத்தைக் கடைசிவரை அப்பாவுடையதாக ஏற்கவில்லை என்பதுதான் வருத்தம். பெட்டியில் வைத்துக்கொண்டார், சாவி கொடுக்கவில்லை. எழுதித் தந்தவன் குற்றவாளி அல்லன் என்று மேலே வாதாடினோம். அதில் மாற்றமில்லை. ஆனால் குற்றம் இல்லாத இடத்திலும் இழப்பு நேரும். சந்தை தன் விலைக் கணக்கில் தற்செயலாகக் கண்டுபிடித்த உண்மை இது. அழுக்கு என்று நாம் நினைப்பது சில வேளைகளில் பாடத்தின் பகுதியாக இருக்கிறது.

எனவே எங்கள் தரப்பு இதுதான். எந்திரத்தைத் தயங்காமல் பழுது பாருங்கள். கடிகாரம் ஓடுவதற்காகப் பிறந்தது. எண்ணெய் வற்றிய எந்திரத்தைத் தூய்மையின் பெயரால் தேயவிடுவது முட்டாள்தனம். முகப்பைத் தொடுவதற்கு முன், அதைப் பார்த்துப் பழகிய ஒருவரிடம் கேளுங்கள். கழற்றிய பாகம் எதுவாயினும், துருப்பிடித்த முள்ளே ஆனாலும், கேட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதி வையுங்கள். எந்த ஆண்டு, எவர் கையில், எது மாற்றப்பட்டது என்று ஒரு துண்டுச் சீட்டு போதும். பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் செய்வதை உடைமையாளர் ஒரு சீட்டில் செய்யலாம். விற்கும்போது அந்தச் சீட்டையும் சேர்த்துக் கொடுப்பவரிடம் இரண்டு ரூபாய் அதிகம் தந்து வாங்க நாங்கள் தயார். அப்படிப்பட்ட விற்பனையாளரைப் பத்தாண்டில் இரண்டே முறைதான் சந்தித்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அம்மாவும் போன பிறகு அந்த சீ கிங் எங்களிடம் வந்தது. இப்போது அதற்கு நாளும் காலையில் சாவி கொடுக்கிறோம். அதன் பெட்டிக்குள் ஒரு சீட்டு இருக்கிறது. முகப்பு மறுபடி எழுதப்பட்டது என்றும், எழுதச் சொன்னது யார் என்றும், பன்னிரண்டுக்கு அருகில் முன்பு ஒரு மஞ்சள் கறை இருந்தது என்றும், அது எந்த நாளில் எந்த ஆற்றில் வந்தது என்றும் அதில் எழுதியிருக்கிறோம். அம்மா சொன்னதை அம்மா சொன்ன சொற்களிலேயே எழுதினோம். அப்பா கடிகாரத்தை எந்தக் கடையில் வாங்கினார் என்று ஒரு வரி விட்டிருக்கிறோம். அதைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போய்விட்டோம். அந்த வரி இன்னும் காலியாகவே இருக்கிறது.